பிப்ரவரியில் பணம், ஜூனில் காய்: ஃபார்ம் ஷேர் எடுக்கப்போகும் புதியவர்களுக்கு

பாஸ்டனுக்கு மேற்கே நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் ஃபார்ம் ஷேர் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. சிஎஸ்ஏ (Community Supported Agriculture, அதாவது மக்கள் முன்பணம் கட்டித் தாங்கும் விவசாயம்) என்றும் சொல்வார்கள். விதைப்பதற்கு முன்பே பண்ணைக்குப் பணத்தைக் கட்டிவிட வேண்டும். விளைச்சல் தொடங்கியதும் வாரா வாரம் போய் நம் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். என்ன காய் வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. அந்த வாரம் வயலில் எது தயாரோ அதுதான் நமக்கு.

2023 பிப்ரவரியில் படிவத்தை நிரப்பினேன். ஜூன் மூன்றாவது வாரம் ஃப்ரிட்ஜின் கீழ் டிராயரை இழுத்தபோது, மூன்று லெட்டூஸ் அழுகிப் பச்சைத் தண்ணீராக வழிந்திருந்தது. அதன் அடியில் பெயர் தெரியாத இரண்டு கீரைக் கட்டு. மேல்தட்டில், சைவ வீட்டில் இருக்கக் கூடாத ஒரு சீஸ். நல்ல சாமானை, ஒரு விவசாயி வெயிலில் குனிந்து அறுத்துக் கட்டிய சாமானைக் குப்பையில் போட்ட வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் தட்டித் தடுமாறிக் கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். நான் சொல்வது மாசசூசெட்ஸ் அனுபவம். பனி கொட்டும் மற்ற வடகிழக்கு மாநிலங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. தேதியை முதலில் பிடியுங்கள்

வெயில் வந்த பிறகு தேடினால் இடம் கிடைக்காது. பெரும்பாலான பண்ணைகள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை பதிவு செய்கின்றன. நல்ல பெயர் எடுத்த பண்ணைகளில் ஏப்ரலுக்குள் நிரம்பிவிடும். பல இடங்களில் சீக்கிரம் கட்டுகிறவர்களுக்குச் சிறு தள்ளுபடி உண்டு. விநியோகம் ஜூன் முதல் வாரம் தொடங்கி அக்டோபர் கடைசி வரை, ஏறக்குறைய 20 வாரம் நடக்கும்.

பண்ணையைத் தேர்ந்தெடுக்கும்போது காய்கறிப் பட்டியலைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது தூரமும் பிக்கப் நேரமும். வாரநாளில் மதியம் மூன்று முதல் ஏழு மணிக்குள் வரச் சொல்வார்கள். அலுவலகம் முடிந்து நெரிசலில் போக முடியுமா என்று ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நிஜமாகவே வண்டி ஓட்டிப் பாருங்கள். கார் இல்லாதவர்கள், நகரத்துக்குள் விநியோக இடம் வைத்திருக்கும் பண்ணையாகத் தேடுங்கள். தேவாலய வாசலிலும் அலுவலக வளாகத்திலும் பெட்டியை இறக்கிவைக்கும் பண்ணைகள் இருக்கின்றன.

2. ஊருக்குப் போகும் தேதியைக் காலண்டரில் வையுங்கள்

நம்மவர்கள் எல்லோரும் விழுவது இந்தக் குழியில்தான். பள்ளி விடுமுறை என்று ஜூன் கடைசியில் விமானம் ஏறி ஆகஸ்டில் திரும்புகிறோம். பண்ணையில் விளைச்சல் பொங்குவதும் அதே வாரங்களில்தான். போன வருடம் நான் ஐந்து வாரம் மதுரையில் இருந்தேன். எடுக்காத பங்கை உணவு வங்கிக்குக் கொடுத்துவிட்டார்கள். அது நல்ல காரியம். ஆனால் ஐந்து வாரப் பணம் போனது போனதுதான்.

பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். வராத வாரத்தைப் பிறகு இரட்டைப் பங்காக எடுத்துக்கொள்ளலாமா? எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்? என் பெயரில் வேறொருவர் வந்து எடுக்கலாமா? கடைசிக் கேள்விக்கு எந்தப் பண்ணையும் மறுப்புச் சொல்லி நான் கேட்டதில்லை. தெருவில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து ஒரே பங்கை எடுத்து, ஆளுக்கு ஒரு வாரம் என்று பிரித்துக்கொள்வது இதற்கெல்லாம் சிறந்த வழி. நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

3. சிறிய பங்கே போதும்

முழுப் பங்கு, அரைப் பங்கு என்று இருக்கும். நான்கு பேர் என்றதும் முழுப் பங்குக்குக் கை போகும். வேண்டாம். அவர்களுடைய கணக்கு, காய்கறியை மட்டுமே முக்கிய உணவாகக் கொண்டு சாலட் சாலடாகச் சாப்பிடும் குடும்பத்துக்கானது. நமக்கு வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், தேங்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய் என்று இந்தியக் கடைக்குப் போவது எப்படியும் நிற்காது. இரண்டு பக்கமும் வாங்கினால் ஒன்று அழுகும். முதல் வருடம் அரைப் பங்கு எடுங்கள்.

அதுகூடத் தயக்கமாக இருந்தால் குளிர்காலப் பங்கில் தொடங்கலாம். நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ கொடுப்பார்கள். உருளை, கேரட், பீட்ரூட், கோஸ், வெங்காயம், பூசணி வகைகள். எல்லாம் நம் சமையலுக்குப் பழகியவை, சீக்கிரம் கெடாதவை. ஏனோ இதைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

4. பணமும் காகிதமும்

ஆவணம் என்று பெரிதாக எதுவும் கேட்க மாட்டார்கள். பெயர், தொலைபேசி, மின்னஞ்சல் போதும். ஆனால் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதைப் படிக்காமல் போடாதீர்கள். பணம் திரும்பக் கிடைக்காது என்பதும், மழை, பனி, பூச்சியால் விளைச்சல் போனால் அந்த நஷ்டத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதும் அதில் இருக்கும்.

இரண்டாவது வரி வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். 2023 பிப்ரவரி 4 அன்று பாஸ்டனில் வெப்பநிலை மைனஸ் 23 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. மரத்தில் இருந்த பீச் மொட்டுகள் கருகின. மாசசூசெட்ஸ் உள்ளிட்ட நியூ இங்கிலாந்து வட்டாரம் முழுக்க அந்த வருடம் பீச் பழமே அரிதாகிவிட்டது. மே மாதம் இன்னொரு உறைபனி ஆப்பிள் பூக்களைத் தாக்கியது. ஜூலையில் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து பல பண்ணைகள் விளைந்து நின்ற பயிரோடு மூழ்கின. பழப் பங்குக்குத் தனியாகக் கட்டியவர்களுக்கு அந்த வருடம் பீச்சே வரவில்லை. யார் மேலும் தப்பில்லை. நாம் கட்டும் பணம் விலை அல்ல, பங்கு என்பதை மனதில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

செலவுக்கு என் முதல் வருடக் கணக்கைச் சொல்கிறேன். காய்கறி வாரம் 35 டாலர், 20 வாரத்துக்கு 700. படிவத்தின் அடுத்த பக்கத்தில் ரொட்டி, முட்டை, சீஸ் என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதானே என்று டிக் அடித்தேன். ரொட்டி வாரம் 8 டாலர், முட்டை வாரம் 7, சீஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 12. கடைசியில் கூட்டினால் 1,120. வாரக் கணக்கில் பார்க்காமல் முழுப் பருவத்துக்கும் பெருக்கிப் பார்த்துவிட்டு டிக் அடியுங்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். முன்பணம் இப்போது, மீதி மே மாதத்துக்குள் என்பது பல இடங்களில் வழக்கம். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் ஸ்னாப் உணவு உதவி பெறுகிறவர்கள், அதற்கு அனுமதி பெற்ற பண்ணையில், அந்த உதவிப் பணம் வரும் இபிடி அட்டையிலேயே கட்டலாம். ஆனால் காய் கைக்கு வருவதற்கு 14 நாளுக்கு மேல் முன்னதாக அந்தப் பணத்தை எடுக்கப் பண்ணைக்கு அனுமதி இல்லை. ஆகவே பிப்ரவரியில் முழுத் தொகையும் கேட்டால் உங்களுக்குத் தனி ஏற்பாடு என்ன என்று விசாரியுங்கள். மாசசூசெட்ஸில் ஹெச்ஐபி (Healthy Incentives Program) என்ற திட்டமும் உண்டு. அதில் சேர்ந்த பண்ணையில் காய்கறிக்கும் பழத்துக்கும் ஸ்னாப்பில் செலவழித்ததை, மாத வரம்பு வரை, அதே அட்டையில் திருப்பிப் போடுகிறார்கள். வரம்பு அவ்வப்போது மாறுகிறது, அப்போதைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியிலேயே முக்கியமானது இனிமேல்தான். சில பண்ணைகளில் ஒர்க் ஷேர் என்று ஒன்று இருக்கும். வாரம் சில மணி நேரம் களை எடுத்தால், காய் கழுவினால், பங்கு இலவசம் அல்லது பாதி விலை. ஹெச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருப்பவர்களுக்கும், எஃப்-1 மாணவர்களுக்கும் இது ஆசையாகத் தோன்றும். சம்பளம் இல்லையே, காய்தானே என்று நினைக்காதீர்கள். உழைப்புக்குக் கைமாறாகப் பொருள் வாங்கினாலும் அது வேலையாகக் கருதப்படக்கூடும். அனுமதி இல்லாத வேலை விசாவைப் பாதிக்கும். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையோ குடியேற்ற வழக்கறிஞரையோ கேட்காமல் ஒர்க் ஷேரில் பெயர் கொடுக்காதீர்கள்.

5. கைப்பக்குவச் சாமான்: கேட்டு வாங்குங்கள்

பண்ணைப் பங்கோடு சீஸ், ரொட்டி, ஊறவைத்த காய், தேன், மேப்பிள் சிரப் என்று பக்கத்து ஊர்களில் சிறிய அளவில் செய்யும் சாமான்கள் வரும். ருசியில் கடைச் சாமான் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் சைவக் குடும்பங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது.

சீஸ் முதலில். பாலைத் திரிய வைக்க ரென்னெட் சேர்ப்பார்கள். பாரம்பரிய முறையில் அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. லேபிளில் வெறுமனே "என்சைம்ஸ்" என்று போட்டிருந்தால் அது விலங்கிலிருந்து வந்ததா இல்லையா என்று தெரியாது. எங்கள் வீட்டில் முதல் மாதம் வந்த சீஸ் அப்படித்தான். மாமியார் ஒரு துண்டு சாப்பிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் நான் பண்ணையில் விசாரித்தேன். அவரிடம் அதைச் சொன்ன மாலையை நான் மறக்கவில்லை. சீஸ் செய்பவரிடமே "விலங்கு ரென்னெட்டா, வெஜிடேரியன் (மைக்ரோபியல்) ரென்னெட்டா?" என்று கேளுங்கள். சின்னத் தயாரிப்பாளர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். இத்தாலியின் அசல் பார்மெசானில் கன்று ரென்னெட்தான்; ஆகவே அந்த சீஸைச் சேர்த்து அரைக்கும் பெஸ்டோ என்ற பேசில் துவையல் டப்பா வந்தாலும் கேளுங்கள்.

காய்ச்சாத பாலில் செய்யும் சீஸ் இங்கே சட்டப்படி குறைந்தது 60 நாள் பக்குவப்பட்ட பிறகே விற்பனைக்கு வர வேண்டும். இருந்தாலும் கர்ப்பிணிகள் காய்ச்சாத பால் சீஸையும், மெத்தென்று இருக்கும் சீஸ் வகைகளையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். லிஸ்டீரியா என்ற கிருமி வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து.

ரொட்டியில் சாதாரண சவர்டோ (புளித்த மாவு ரொட்டி) என்றால் மாவு, தண்ணீர், உப்பு. கவலையில்லை. ஹல்லா, பிரியோஷ் இரண்டிலும் முட்டை உண்டு. பை (pie) என்ற பலகார வகைகளின் மேல் ஓட்டில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். கொரிய ஊறுகாயான கிம்ச்சியில் மீன் சாறோ உப்புக் கூனியோ சேர்ப்பது வழக்கம், சைவக் கிம்ச்சி தனியாகக் கிடைக்கும். சவர்க்ராட் என்பது கோஸும் உப்பும் மட்டும். தயிர் சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள், ஊறுகாய் தேட மாட்டீர்கள்.

தேன் வந்தால் ஒன்று சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது நாக்கில் தேன் தொட்டுவைப்பது நம் வீடுகளில் உண்டு. ஒரு வயது ஆகும் வரை குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கி, பாட்டுலிசம் என்ற நோயைக் கொண்டுவரலாம். பண்ணைத் தேன் சுத்தமானது என்பதால் இது மாறிவிடாது. பாட்டிமார்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

6. பிக்கப் நாள்

நாலைந்து துணிப்பை எடுத்துப் போங்கள். கொட்டகையில் கரும்பலகையில் எழுதியிருக்கும்: கேரட் ஒரு கட்டு, கீரையில் ஏதாவது இரண்டு, தக்காளி மூன்று பவுண்டு. தராசு பக்கத்திலேயே இருக்கும், நாமே நிறுத்து எடுக்க வேண்டும். ஓரத்தில் மாற்றுப் பெட்டி என்று ஒன்று இருக்கும். வேண்டாததை அதில் போட்டுவிட்டு, வேறு யாரோ போட்டதை எடுத்துக்கொள்ளலாம். முள்ளங்கியும் நூல்கோலும் பிடிக்காமல் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. நமக்கு அது சாம்பார். சீக்கிரம் போனால் பலகையில் இருப்பது முழுதாகக் கிடைக்கும். ஆறு மணிக்கு மேல் போனால் மாற்றுப் பெட்டி நிறைந்திருக்கும். நான் ஆறேகாலுக்குத்தான் போகிறேன்.

சில பண்ணைகளில் செர்ரித் தக்காளி, பீன்ஸ், மிளகாய், துளசி இனத்துப் பேசில், பூ இவற்றை வயலில் இறங்கி நாமே பறித்துக்கொள்ளலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். ஆனால் முழுக்கால் சட்டை, சாக்ஸ் போட்டுவிடுங்கள். புல் ஓரங்களில் மான் உண்ணி இருக்கும், அது கடித்தால் லைம் நோய் வரலாம். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள்.

அப்படித் தக்காளிப் பாத்தியில் குனிந்திருந்தபோதுதான் பார்த்தேன்: தரையோடு தரையாகச் சிவந்த தண்டு, கொழுத்த சின்ன இலை. பருப்புக்கீரை. அங்கே வேலை செய்த பெண் அதைக் களை என்று பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். ஒரு கூடை நிறையக் கொடுத்தார். நீங்களும் கேளுங்கள், கேட்காமல் பறிக்காதீர்கள். அதைப் போலவே தரையில் படரும் இன்னொரு செடி உண்டு. தண்டைக் கிள்ளினால் பால் வரும். பால் வந்தால் தூரப் போட்டுவிடுங்கள், அது விஷம்.

7. வீட்டுக்கு வந்ததும் முதல் ஒரு மணி நேரம்

பையை அப்படியே ஃப்ரிட்ஜில் திணித்தால் வெள்ளிக்கிழமைக்குள் பாதி போய்விடும். பிக்கப் நாளன்று இரவுச் சமையலை எளிதாக வைத்துக்கொண்டு இந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள்.

கேரட், பீட்ரூட், முள்ளங்கி, டர்னிப் இவற்றின் இலையை உடனே வெட்டிப் பிரியுங்கள். விட்டுவைத்தால் இலை கிழங்கின் நீரை உறிஞ்சிவிடும், இரண்டே நாளில் கிழங்கு ரப்பர் போல வளையும். வெட்டிய இலையும் சமையலுக்குத்தான். கீரைகளை நிறையத் தண்ணீரில் அலசி, நன்றாக உதறி, பழைய பருத்தித் துண்டில் சுருட்டிப் பையில் போட்டு வையுங்கள். என் லெட்டூஸ் அழுகியது ஈரத்தோடு வைத்ததால். தக்காளி ஃப்ரிட்ஜுக்கு வெளியே. பேசிலும் வெளியே, பூ வைப்பது போலத் தம்ளர் தண்ணீரில். உருளைக்கிழங்கு இருட்டில், வெங்காயத்தை விட்டுத் தள்ளி. வெளிச்சம் பட்டுப் பச்சையான உருளையைச் சமைக்காதீர்கள். பட்டர்நட் பூசணியை ஃப்ரிட்ஜில் வைக்காமல், குளிர்ச்சியான காய்ந்த அலமாரியில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும்.

8. எந்த மாதம் என்ன வரும், அதை என்ன செய்வது

ஜூன் முழுக்க இலை. இதில்தான் எல்லோரும் மனம் விட்டுப்போகிறார்கள். லெட்டூஸைத் தவிர மற்றதெல்லாம் கீரை என்று நினைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சுவிஸ் சார்ட் மசியலுக்கு அப்படியே பொருந்தும். அருகுலாவில் கடுகுக் காரம் இருக்கும், பாசிப்பருப்போடு வேகவைத்தால் அடங்கிவிடும். கேல் முரட்டு இலை. நடு நரம்பை உருவிப் போட்டுவிட்டு, பொடியாக அரிந்து துவரம்பருப்போடு குக்கரில் வையுங்கள். முள்ளங்கி இலை, டர்னிப் இலை பொரியலுக்கு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் சார்ட், பீட்ரூட் இலையை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பூண்டுத் தண்டு என்று சுருண்ட பச்சைத் தண்டு இரண்டு வாரம் வரும். நல்லெண்ணெயில் வதக்கி, புளி, மிளகாய் வைத்துத் துவையல் அரைத்தேன். பிறகு மாற்றுப் பெட்டியில் பூண்டுத் தண்டு கிடந்தால் ஒன்றுகூட விடுவதில்லை.

அதே ஜூனில் ருபார்ப் வரும். சிவந்த நீளத் தண்டு, புளிப்பென்றால் அப்படிப் புளிப்பு. தண்டை வெல்லம் போட்டுப் பச்சடி செய்யலாம், மாங்காய்ப் பச்சடிக்கு ஈடாக இருக்கும். ஆனால் அதன் இலை விஷம். பண்ணையில் வழக்கமாக வெட்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள். தெரிந்தவர் வீட்டுத் தோட்டத்திலிருந்து இலையோடு கொடுத்தால், எந்த இலையையும் கீரையாகப் பார்க்கும் நம் கண் அதையும் கீரையாகப் பார்த்துவிடும். இலையை உடனே வெட்டிக் குப்பையில் போடுங்கள்.

ஜூலையில் ஜுக்கினி, வெள்ளரி, பீன்ஸ், புது உருளை. ஜுக்கினி நிற்காமல் வரும். சுரைக்காய் என்று எண்ணிக் கூட்டு வையுங்கள், அடைமாவில் துருவிப் போடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், அதுவே விடும்.

ஆகஸ்ட், செப்டம்பரில்தான் கட்டிய பணம் முழுதாகத் திரும்பிவரும். தக்காளி, சோளம், கத்தரி, குடைமிளகாய். தக்காளி மிஞ்சினால் கழுவித் துடைத்து முழுசாகவே ஃப்ரீசரில் போடுங்கள். ஜனவரியில் எடுத்து வெந்நீர் ஊற்றினால் தோல் கழன்றுவிடும், ரசத்துக்கு அதைவிட வேறு வேண்டாம். பீன்ஸை மூன்று நிமிடம் கொதிநீரில் போட்டு, ஐஸ் தண்ணீரில் எடுத்து, ஈரம் துடைத்து உறையவையுங்கள்.

உறைபனி எச்சரிக்கை வந்ததும் பண்ணையில் பச்சைத் தக்காளியை அப்படியே அறுத்து வைத்துவிடுவார்கள். பலர் எடுக்க மாட்டார்கள். பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு, அல்லது எள்ளு வறுத்துப் போட்டுத் துவையல். அக்டோபரில் பட்டர்நட் பூசணி புளிக்குழம்புக்கும் எரிசேரிக்கும் பரங்கிக்காயாகவே வேலை செய்யும். டெலிகேட்டா பூசணிக்குத் தோல் சீவ வேண்டாம், ஆனால் பட்டர்நட் அளவுக்குத் தாங்காது, அதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

9. கடைசி வாரம்

முட்டை அட்டைகள், ஜாடிகள், பெட்டிகள் எல்லாவற்றையும் கழுவித் திருப்பிக் கொடுங்கள். அவற்றை வாங்க அவர்களுக்குக் காசு ஆகிறது. பருவம் முடிந்ததும் கருத்துக் கேட்டு ஒரு படிவம் அனுப்புவார்கள், அதை நிரப்பாமல் விடாதீர்கள். விதைப் பட்டியலைப் பண்ணைக்காரர்கள் முடிவு செய்வது அந்தக் குளிர்காலத்தில்தான். நானும் எங்கள் தெருவில் இன்னும் மூன்று குடும்பங்களும் சேர்ந்து வெந்தயக்கீரை, வெண்டைக்காய், காரமான நீட்டு மிளகாய் என்று எழுதினோம். அடுத்த ஆகஸ்டில் கரும்பலகையின் கடைசி வரியில் வெண்டைக்காய் ஒரு பவுண்டு என்று எழுதியிருந்தது.